குறைந்த செலவில் 'விண்வெளி' பிறந்தநாள் விழா: 12 குழந்தைகள், ஒரு சிறிய கூடம்

கேள்வி: கோளரங்கம்

வணக்கம். என் மகளுக்கு அடுத்த மாதம் 6 வயது நிறைகிறது. ஓராண்டாகவே அவளுக்குக் கோள்களின் மீது தீராத பித்து. இந்த முறை பிறந்தநாள் 'விண்வெளி' தீமில்தான் நடக்க வேண்டும் என்று அவளே தீர்மானித்து, எங்களிடம் சொல்வதற்கு முன்பே வகுப்புத் தோழர்கள் 12 பேருக்கு வாய்மொழியாக அழைப்பும் விடுத்துவிட்டாள்.

விழா ஏற்பாட்டாளர் ஒருவரை அணுகியபோது அவர் கேட்ட தொகை, நாங்கள் ஒதுக்கி வைத்திருப்பதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று கடைக்குப் போனேன். ராக்கெட் அச்சிட்ட தட்டு, அதே ராக்கெட் அச்சிட்ட கோப்பை, தொப்பி, தோரணம், மேசை விரிப்பு என ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது எல்லாம் மலிவாகத்தான் தெரிந்தன. கூடையில் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோதோ, கேக்கும் சிற்றுண்டியும் வாங்குவதற்கு முன்பே ஒதுக்கிய பணம் தீர்ந்துபோயிருந்தது. கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எதற்குத் தாராளமாகச் செலவழிக்கலாம், எதை முழுவதுமாக விட்டுவிடலாம் என்பதே என் முதல் ஐயம். எங்கள் வீட்டுக் கூடம் பெரியதன்று. சோபாவை நகர்த்தினால் 12 குழந்தைகளும் தரையில் வட்டமாக உட்காரலாம், ஆனால் ஓடி விளையாட இடம் இராது. வித்தை காட்டுபவர், பாட்டுப் பாடுபவர் என்று வெளியாள் யாரையும் அமர்த்தாமல் இவர்களை எப்படி ஈடுபடுத்துவது? ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்தே ஆக வேண்டுமா? எளிமையாக நடத்துவதில் எங்களுக்குக் கூச்சம் ஏதுமில்லை. மகளின் மனத்தில் மட்டும் ஏதோ குறைந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

மறுமொழி: நூல்கண்டு

மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்ட பிறந்தநாள்களை வீட்டிலேயே நடத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கூடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாயிற்று. கடையில் 'தீம்' என்று விற்கப்படுவது, ஒரே படத்தை இருபது பொருள்களில் அச்சிட்டு வைத்திருப்பதுதான். அதிலும் கார்ட்டூன் கதாபாத்திரம் இருந்தால் அந்தப் பாத்திரத்துக்கான உரிமக் கட்டணமும் விலையில் ஏறிக்கொள்ளும். உங்கள் மகள் கதாபாத்திரம் எதையும் கேட்காமல் விண்வெளியைக் கேட்டிருக்கிறாள். நிலாவுக்கு உரிமம் வைத்திருப்பவர் எவரும் இல்லை என்பதால் நீங்கள் பாதிச் செலவைத் தாண்டிவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

கருநீலம், வெள்ளி, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு, படமில்லாத தட்டும் கோப்பையும் வாங்குங்கள். வீட்டில் இருப்பவை போதுமென்றால் அவையே போதும். அலங்காரத்தை ஒரே ஒரு சுவருடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கேக் வெட்டும் மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் எல்லாப் புகைப்படங்களிலும் விழப்போகிறது. கருநிறப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை அதில் கட்டி, அலுமினியத் தாளில் வெட்டிய விண்மீன்களை ஒட்டினால் சுவர் முடிந்தது. என் மூத்த மகனின் ஐந்தாம் பிறந்தநாளுக்கு நான் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து கூடம் முழுவதையும் கடலடியாக மாற்றினேன். வந்த குழந்தைகள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தார்கள். அந்த ஆண்டு கற்றுக்கொண்ட பாடத்தை அடுத்த விழாவிலேயே பயன்படுத்தினேன். மேசையின் நான்கு பக்கமும் தரைவரை துணியைத் தொங்கவிட்டு உள்ளே ஒரு டார்ச் விளக்கை வைத்துவிட்டால், அது குகையாகவும் விண்கலமாகவும் மாறிவிடும், அதற்குச் செலவும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டி கடைக்காரரிடம் கேட்டால் கிடைக்கக்கூடும். கிடைத்தால் ஒரு வாரம் முன்பே கொண்டுவந்து மகளையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். தான் கட்டிய ராக்கெட் கூடத்தில் நிற்கும்போது 'ஏதோ குறைகிறது' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை.

பலூன் வளைவு தேவையே இல்லை. ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூன்கள் பெரும்பாலும் ஒரு நாள்கூடத் தாங்காமல் தரைக்கு இறங்கிவிடும். வாயால் ஊதிய பலூன்களை வெவ்வேறு நீளமுள்ள நூல்களில் கூரையிலிருந்து தொங்கவிட்டால் அவையே கோள்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடைந்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான எச்சரிக்கை பல பலூன் பொதிகளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஊதும் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும், உடைந்த துண்டுகளை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

பணத்தை உண்மையில் மிச்சப்படுத்துவது அலங்காரத்தைவிட நேரம்தான். விழாவை இரண்டு வேளை உணவுகளுக்கு இடைப்பட்ட பொழுதில், இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் அழைப்பிதழில் தெளிவாக எழுதிவிட்டால், முழுச் சாப்பாடு போட வேண்டிய கட்டாயம் இராது. கேக், நறுக்கிய பழம், குடிக்க ஏதேனும் ஒன்று என்று முடித்துக்கொள்ளலாம். முடியும் நேரத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை இரவுச் சமையல் செய்தே கற்றேன்.

இன்னொன்று. எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். முதலில் வந்தவர் சும்மா இருக்கும் அந்த இருபது நிமிடங்களில்தான் கூச்சலும் அழுகையும் தொடங்கும். ஆகவே வந்தவுடன் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று தயாராக இருக்கட்டும். பெரிய காகிதப் பைகளில் முகத்துக்கான வட்டத்தை முன்கூட்டியே வெட்டி வைத்தால், அவர்கள் தங்கள் பெயரை எழுதி, தாள் ஒட்டி, விண்வெளி வீரரின் தலைக்கவசமாக மாற்றிக்கொள்வார்கள். காகிதப் பையாக மட்டுமே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையைத் தலைப்பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மறுமொழி: சுண்ணக்கட்டி

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். சுவரைப் பற்றி மேலே எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன். என் பங்குக்கு விளையாட்டுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இசை நாற்காலி போன்று தோற்றவரை வெளியேற்றும் விளையாட்டுகளை இந்த வயதில் தவிர்ப்பது நல்லது. முதலில் வெளியேறும் குழந்தைக்கு அடுத்த பத்து நிமிடங்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும், அதுவும் சிறிய கூடத்தில் அந்தக் குழந்தை என்ன செய்யும் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உங்கள் மகளுக்குக் கோள்கள் தெரியும் என்பதால் அவளையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட நூலை எடுத்து, அதன் ஒரு முனையில் சூரியனை ஒட்டுங்கள். பூமியை 10 செ.மீ. தொலைவில் வைப்பதாகக் கொண்டால், புதன் 4 செ.மீ., வெள்ளி 7 செ.மீ., செவ்வாய் 15 செ.மீ. தொலைவில் வரும். அதற்குப் பிறகு வியாழன் 52 செ.மீ., சனி 96 செ.மீ., யுரேனஸ் 1.92 மீட்டர், நெப்டியூன் 3 மீட்டர். ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு கோளின் அட்டையைக் கொடுத்து, அது எங்கே இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். எல்லாக் கோள்களையும் சம இடைவெளியில் வரைந்த படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால், முதல் நான்கும் ஒரு சாண் நூலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு வியந்துபோவார்கள். மீதமுள்ள நான்கு பேருக்குச் சூரியன், நிலா, ஒரு வால்விண்மீன், புளூட்டோ ஆகிய அட்டைகளைக் கொடுத்தால் எவரும் வெறுங்கையுடன் நிற்க வேண்டியதில்லை. 2006இல் புளூட்டோ குறுங்கோள் என்று வகைமாற்றம் செய்யப்பட்டதை உங்கள் மகள் நிச்சயம் அறிந்திருப்பாள். ஒன்பது கோள்கள் என்று படித்த தாத்தா பாட்டி யாரேனும் அறையில் இருந்தால் அதுவே ஒரு தனி நிகழ்ச்சியாகிவிடும்.

கோள்களின் பருமனைக் காட்ட விரும்பினால் சுவரில் இருக்கும் சூரியனைக் கொண்டே காட்டலாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, மஞ்சள் வண்ணம் பூசி, 109 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம் ஒன்றை வெட்டுங்கள். அந்த அளவில் பூமி 1 செ.மீ. குறுக்களவுள்ள சிறு வட்டம், வியாழன் 11 செ.மீ., சனியின் உடல் 9 செ.மீ. மட்டுமே. நூலில் காட்டும் தொலைவையும் சுவரில் காட்டும் பருமனையும் ஒரே அளவுகோலில் காட்ட முயல வேண்டாம். சூரியன் இத்தனை பெரியதாக இருந்தால் அந்த 1 செ.மீ. பூமி 117 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், உங்கள் கூடம் அதற்குப் போதாது.

அடுத்தது நிலாக்குழி. அகலமான தட்டு ஒன்றில் 3 செ.மீ. உயரத்துக்கு மாவைப் பரப்பி, அதன்மேல் கொக்கோ தூளை மெல்லியதாகத் தூவி, வெவ்வேறு உயரங்களிலிருந்து கோலிக் குண்டுகளைப் போடச் சொல்லுங்கள். குழியைச் சுற்றி வெள்ளை மாவு கதிர்களாகச் சிதறும். நிலாவில் சில பெருங்குழிகளைச் சுற்றித் தெரியும் வெண்கதிர்களும் இவ்வாறே அடியிலிருந்து சிதறிய பொருளால் ஆனவை. தட்டின் அடியில் செய்தித்தாள் விரிப்பது கட்டாயம். ஒரே தட்டை வைத்தால் 12 பேரும் முண்டியடிப்பார்கள் என்பதால் மூன்று தட்டுகள் வையுங்கள்.

பலூன் ராக்கெட்டைக் கடைசி விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். வழுவழுப்பான நைலான் நூலில் ஒரு உறிஞ்சுகுழலைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் எதிரெதிரே இழுத்துக் கட்டி, ஊதிய பலூனை முடிச்சிடாமல் அந்தக் குழலில் ஒட்டி விடுங்கள். காற்று பின்னால் வெளியேற, பலூன் முன்னால் பாயும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதுதான் என்பதைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பருத்தி நூல் சொரசொரப்பாக இருப்பதால் பாதி வழியில் நின்றுவிடும், நூல் தொய்ந்தாலும் அப்படியே. நூலின் பாதையில் முகங்கள் இல்லாதபடி எல்லாரையும் ஒரு பக்கமாக உட்கார வைத்துவிட்டு விடுங்கள்.

வயதுக் கணக்கும் நன்றாக எடுபடும். புதன் 88 நாள்களில் சூரியனைச் சுற்றிவிடுகிறது. அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 25 வயது. செவ்வாயில் 3 வயது கடந்திருக்கும், வியாழனில் அரை வயது, நெப்டியூனிலோ முதல் பிறந்தநாள் வருவதற்கே ஏறத்தாழ 165 ஆண்டுகள் ஆகும். இதை அழைப்பிதழில் போட்டுவிட்டால் தனியாகப் படம் எதுவும் தேவையில்லை. ஹீலியத்தைத் தவிர்க்கச் சொன்னது சரிதான். ஆனாலும் 1868இல் அது சூரிய ஒளியின் நிறமாலையில்தான் முதலில் அறியப்பட்டது என்பதை எண்ணும்போது, இந்தத் தீமுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

மறுமொழி: அளவோடு

எல்லாரும் பொருள்களைக் குறைக்கச் சொல்கிறீர்கள். ஆள்களைக் குறைக்க ஏன் ஒருவரும் சொல்லவில்லை? குழந்தையின் வயதுடன் ஒன்றைக் கூட்டினால் வருவதே அழைக்க வேண்டிய எண்ணிக்கை என்று பெற்றோரிடையே ஒரு வழக்குக் கணக்கு உண்டு. அதன்படி உங்களுக்கு 7 பேர் போதும். தட்டு, சிற்றுண்டி, அன்பளிப்பு ஆகிய அனைத்தும் தலைக்கு ஒன்றாகப் பெருகுபவை என்பதால், 5 பேரைக் குறைப்பது எந்த அலங்காரத்தை விடுவதையும்விடப் பெரிய சேமிப்பு. ஏற்கெனவே சொல்லிவிட்டதால் குறைக்க முடியாது என்றால், அதே மாதத்தில் பிறந்த வகுப்புத் தோழர் யாரேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்தினால் செலவு மட்டுமல்லாமல் மேற்பார்வையும் பகிரப்படும். ஆனால் கேக் மட்டும் இரண்டாக இருக்க வேண்டும், மெழுகுவர்த்தியைப் பங்கிட்டு ஊத எந்தக் குழந்தையும் ஒப்புக்கொள்ளாது.

மறுமொழி: மாவும் தணலும்

கேக்கைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள் நான். எனக்கே வருமானம் குறையும்படியான ஆலோசனை இது. சர்க்கரைப் பாகுமாவில் செய்த விண்கலமும் விண்வெளி வீரரும் அமர்ந்திருக்கும் கேக்கில், விலையின் பெரும்பகுதி அந்தப் பொம்மைகளைச் செய்யும் மணிக்கணக்கான கைவேலைக்கே போகிறது. குழந்தைகளோ பொம்மையை ஒருமுறை கடித்துவிட்டு இனிப்பு திகட்டுகிறது என்று தட்டோரம் வைத்துவிடுவார்கள். அலங்காரம் இல்லாத வட்டக் கேக் ஒன்றை வாங்குங்கள் அல்லது வீட்டில் செய்யுங்கள். சுற்றிலும் தடித்த அட்டையில் வெட்டிய அகன்ற வளையம் ஒன்றைத் தட்டின்மேல் வைத்துவிட்டால் அதுவே சனிக்கோள். கேக்கின் மேற்பரப்பில் கிரீமை வெளிர்மஞ்சளிலும் பழுப்பிலும் பட்டைகளாக இழுத்துவிடுவதற்கு ஒரு சாதாரணக் கத்தி போதும், கோடுகள் கோணலாக இருந்தால் இன்னும் இயல்பாகத் தெரியும்.

விண்வெளி என்றவுடன் எல்லாரும் கருப்பு கிரீமைக் கேட்கிறார்கள். வெள்ளைக் கிரீமைக் கருப்பாக்க நிறமி மிக அதிகமாகச் சேர்க்க வேண்டும். சுவை கசக்கும், பற்களும் உதடுகளும் உடைகளும் கருக்கும், 12 குழந்தைகளின் புகைப்படங்களிலும் அது தெரியும். இருள் நிறம் வேண்டுமென்றே விரும்பினால் கொக்கோ சேர்த்த கிரீமிலிருந்து தொடங்குங்கள், நிறமி சிறிதளவே போதும், ஓரிரவு வைத்திருந்தால் நிறம் தானாகவே அடர்த்தியாகும்.

அழைப்பு அனுப்பும்போதே எந்தக் குழந்தைக்காவது பால், முட்டை, கொட்டை வகைகள் ஒவ்வாதா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். பழங்களை விண்மீன் வடிவில் வெட்டுவதாக இருந்தால் வெட்டியது போக மிஞ்சும் ஓரத் துண்டுகளை வீணாக்காமல் சாறாக்கிவிடலாம். திராட்சையை முழுதாக வைக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். அதன் உருண்டை வடிவம் சிறு தொண்டைக்கு ஆகாது.

மறுமொழி: கோளரங்கம்

அனைவருக்கும் நன்றி. எண்ணிக்கையைக் குறைப்பது இனி இயலாது. சொன்ன சொல்லை மகளை மாற்றிப் பேச வைக்க எனக்கு மனமில்லை. சேர்ந்து நடத்துவது பற்றி அவளிடம் கேட்டேன், மிகுந்த மரியாதையுடன் மறுத்துவிட்டாள். ஆகவே சாப்பாட்டை விட்டு, சுவரை ஒன்றாக்கி, கேக்கைச் சனிக்கோளாக்கிவிடுகிறோம்.

இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. அவளுடைய தம்பிக்கு இரண்டு வயது. கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குள் போகும் பருவம். ரிட்டர்ன் கிஃப்ட் பற்றியும் எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. போன மாதம் நாங்கள் போய்வந்த விழாவில் கிடைத்த பையில் இருந்த ஊதலும் சுழலும் பொம்மையும் வீடு வந்து சேர்வதற்குள் உடைந்துவிட்டன என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி: சுண்ணக்கட்டி

தம்பி இருக்கும் கூடத்தில் கோலிக் குண்டு வேண்டாம். அவனுடைய கைப்பிடிக்குள் அடங்காத எலுமிச்சை, சிறு பந்து ஆகியவற்றைக் கொண்டு நிலாக்குழியைச் செய்யுங்கள். குழி பெரியதாக விழுவதால் குழந்தைகளுக்கு அதுவே இன்னும் பிடித்துப்போகும், ஆனால் மாவின் உயரத்தை 5 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் விளையாட்டு நேரம் முழுவதும் அவனைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவரை அமர்த்துங்கள். கேக் வெட்டுபவர், படம் எடுப்பவர், தம்பியைப் பார்ப்பவர் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே ஆளிடம் இருந்தால் மூன்றாவதுதான் முதலில் விட்டுப்போகும்.

மறுமொழி: நூல்கண்டு

ரிட்டர்ன் கிஃப்ட் கட்டாயமில்லை, ஆனால் வெறுங்கையுடன் போவது இந்த வயதுக் குழந்தைகளுக்குச் சற்றுக் கடினம்தான். அவர்கள் செய்த தலைக்கவசம் எப்படியும் அவர்களுடன் போகும். அதனுள் அவர்கள் பிடித்திருந்த கோளின் அட்டையைப் போட்டு, அதன் பின்பக்கத்தில் அந்தக் குழந்தைக்கு அந்தக் கோளில் எத்தனை வயது என்று எழுதிக் கொடுங்கள். பெற்றோரிடம் பிறந்த மாதத்தை முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் கணக்கை முதல் நாளே போட்டுவிடலாம். சூரியன் அட்டை கிடைத்த குழந்தைக்கு வயது எழுத முடியாதே என்று யோசிப்பீர்கள். அந்த அட்டையை உங்கள் மகளிடமே கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நிலாவும் வால்விண்மீனும் வந்தவர்களுக்குப் புதன், வெள்ளி வயதுகளை எழுதுங்கள், எண் பெரியதாக இருப்பதால் முறையிட மாட்டார்கள். அவளையும் சேர்த்தால் 13 பேர் ஆவதால் ஒரு அட்டை குறையும். சனியின் நிலாவான டைட்டனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கோளரங்கம்

நேற்று மாலை மகளும் நானும் நூலை அளந்து பார்த்தோம். 10 செ.மீ. அளவு அவளுக்குப் போதவில்லை. பூமிக்கு 15 செ.மீ. வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் நெப்டியூன் நாலரை மீட்டருக்குப் போய், கூடத்தைக் கடந்து சமையலறை வாசலுக்குள் நுழைந்துவிட்டது. நூலைச் சுருக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், கேக் அங்கேதான் இருக்கும், நெப்டியூன் வரை போகிறவர்களுக்கு மட்டும் அது முதலில் கண்ணில் படட்டும் என்று சொல்லிவிட்டாள். அட்டைப் பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. நாளை இன்னொரு கடையில் கேட்கிறேன்.